இரண்டாவது கையெழுத்து: வார்டு உறுப்பினராக நிற்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்தின் 420 ஊராட்சிகளிலும் அடுத்த தேர்தலில் வார்டு உறுப்பினராக நிற்க நினைக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

மேலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சியில் 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை வார்டு உறுப்பினராக இருந்தேன். அந்த ஐந்து வருடமும் துணைத் தலைவராகவும் இருந்தேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அன்றைக்குத் தலைவராக இருந்தவர் யார் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவரைக் கூண்டில் ஏற்ற இந்த மடலை எழுதவில்லை. உங்கள் கைக்கு வரப்போகும் அதிகாரம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாமல் போனதுபோல் போய்விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சாவடியில் நாலு பேர் உட்கார்ந்தால் இப்போதே பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. "இந்தத் தடவை பிரசிடெண்டுக்கு யார் நிக்கிறா?" மெம்பருக்கு யார் நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. 2019 டிசம்பரில் ஓட்டுப் போடப் போனபோது நாலு கலரில் சீட்டு கொடுத்தார்கள். மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், ஒன்றியத்துக்குப் பச்சை, தலைவருக்கு ரோஸ், வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. எங்கள் தெருவில் அந்த ரோஸ் சீட்டைப் பற்றித்தான் ஒரு மாதம் பேசினார்கள். வெள்ளைச் சீட்டில் என் பெயரும் சின்னமும் இருந்தது. என் வார்டில் போட்டிக்கு ஆளே இல்லாமல் போயிருக்கும். கடைசி நாளில் இன்னொரு அக்கா மனு கொடுத்ததால்தான் தேர்தல் நடந்தது.

தலைவர் பதவிக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்று கேட்டால், சட்டமே அப்படித்தான் செய்து வைத்திருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ல் வந்தது. அதன்படி கிராம ஊராட்சித் தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியத் தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவர்களே அவரை இறக்கவும் முடியும். கிராமத்தில் அப்படி இல்லை. தலைவர் ஜெயித்ததிலும் நமக்குப் பங்கில்லை, அவரை இறக்கவும் நம் கையால் முடியாது. மன்றக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை. கிராமசபைக்கும் அவர்தான் தலைமை. தீர்மானம் போட்ட பிறகு அதை நிறைவேற்றும் அதிகாரமும் அவர் கையில். செக்கில் முதல் கையெழுத்தும் அவருடையது.

என் அண்ணன் மகள் மதுரையில் சட்டம் படிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, "அத்தை, குடியரசுத் தலைவருக்கே இவ்வளவு கிடையாது. மந்திரிசபை சொல்றதை ஒரு தடவை திருப்பி அனுப்பலாம், அதே ஆலோசனை மறுபடி வந்தா ஏத்துக்கிட்டுத்தான் ஆகணும். 44வது திருத்தத்துல அப்படி எழுதியிருக்கு. அமெரிக்க அதிபரை எடுத்துக்கிட்டாலும் காங்கிரஸ், அதாவது அந்த ஊர்ப் பார்லிமெண்ட், ஒதுக்கினாத்தான் அவர் பணத்தை எடுத்துச் செலவு பண்ணலாம்" என்றாள். நம் ஊரில் அந்தக் காங்கிரஸ் யார் என்று கேட்டேன். "நீங்கதான் அத்தை. நீங்களும் மத்த எட்டு மெம்பரும்" என்றாள். அப்போது நான் பதவிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் என்னை நான் அப்படி நினைத்ததே இல்லை.

அந்த ஒன்றரை வருடம் நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

2020 ஜனவரி 11ம் தேதி துணைத் தலைவர் தேர்தல் நடந்தது. ஒன்பது உறுப்பினர்கள். எல்லோரும் சேர்ந்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எனக்கே தெரியும். நான் சத்தம் போட மாட்டேன், வீடும் ஊராட்சி ஆபிஸுக்குப் பக்கம். துணைத் தலைவருக்கு அறை கிடையாது, வண்டி கிடையாது. ஆனால் ஒன்று உண்டு. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டுமென்றால் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். ஒன்றாம் நம்பர் கணக்கு பொது நிதி. இரண்டாம் நம்பர் கணக்கு கரண்ட் பில், குடிநீர்க் கட்டணம். மூன்றாம் நம்பர் கணக்கு திட்டப் பணம். எதைத் தொட்டாலும் இரண்டு பேர் கையெழுத்து.

பதவியேற்ற இரண்டாம் வாரம் காலையில் அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். கிளார்க் தம்பி வாசலில் நின்று, "அக்கா, சின்ன வேலை, உள்ளே வரலை" என்றார். செக் புத்தகத்தைத் திண்ணையில் வைத்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பதினோரு செக்கில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றில்கூடத் தொகை எழுதியிருக்கவில்லை. கடைசி செக்கில் என் கட்டைவிரல் ஈரம் பட்டு மை பரவிவிட்டது. அதற்கு மட்டும் அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். மற்றபடி அது எனக்குத் தவறாகவே தோன்றவில்லை. தலைவர் எனக்கு முறையில் கொழுந்தன் வேண்டும். ரோட்டில் பார்த்தால் வண்டியை நிறுத்தி "மதினி, சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் போகிறவர். அவரைச் சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன்.

அப்புறம் கொரோனா வந்தது. பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, மருந்து அடிக்கிற ஆளுக்குக் கூலி. எல்லாம் அவசரம். தீர்மான நோட்டையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பக்கத்தின் மேல்பாதி காலியாக இருக்கும், கீழே நாங்கள் கையெழுத்துப் போடுவோம். என்ன தீர்மானம் என்று பிறகு எழுதிக்கொள்வார்கள். கூட்டம் நடந்ததா என்று கேட்டால், நோட்டின்படி மாதம் தவறாமல் நடந்திருக்கிறது.

2021 ஆகஸ்டில் ஒரு பில்லைத் தற்செயலாகப் பார்த்தேன். கருப்பர் கோயில் பக்கத்து அடிபம்புக்கு ராடும் வாஷரும் கைப்பிடியும் மாற்றியதாக 14,800 ரூபாய். அந்த அடிபம்பைத் தாண்டித்தான் தினமும் ரேஷன் கடைக்குப் போகிறேன். கைப்பிடி போய் மூன்று வருடம் இருக்கும். அதன் கழுத்தில் ஒருவர் ஆட்டுக்குட்டியைக் கட்டிப்போடுவார். கட்டின கயிறு உரசி அந்த இடத்தில் மட்டும் துரு போய்ப் பளபளவென்று இருக்கும். அன்றைக்கும் குட்டி அங்கேதான் நின்றது.

தலைவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மதினி, மேலத்தெரு மோட்டார் எரிஞ்சு போச்சு. ராத்திரியோட ராத்திரியா காயில் கட்டிப் போட்டேன். விலைப்புள்ளி வாங்கிப் பத்து நாள் காத்திருந்தா சனங்க தண்ணிக்கு எங்க போகும்? அந்தப் பணத்தை இப்படித்தான் கணக்குல காட்ட முடிஞ்சது" என்றார். அது உண்மைதான். மோட்டார் எரிந்ததும், அவர் அலைந்து சரிசெய்ததும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலை நோட்டில் இல்லை. நோட்டில் இருந்ததோ நடக்காத வேலை. அதற்கு என் கையெழுத்து இருந்தது. நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நானும்தான். அதைவிட, இப்படி எழுதிப் பழகிய நோட்டில் எரியாத மோட்டாருக்கும் ஒருநாள் இடம் கிடைத்துவிடும்.

அடுத்த செக்குகளில் கையெழுத்துப் போட மறுத்தேன்.

23 நாள் போடவில்லை. உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த 23 நாளைத்தான். முதல் வாரம் எனக்குப் பெருமையாக இருந்தது. தெருவில் இரண்டு பேர் "சபாஷ்" என்றார்கள். இரண்டாம் வாரம் டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் நின்றது. தூய்மைக் காவலர்களுக்கும் நின்றது. அதில் ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று என் வாசலில் வந்து நின்றாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வந்திருந்தாள். மூன்றாம் வாரம் இன்னொரு மோட்டாரும் நின்றுபோக, காலி குடத்தோடு பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். "நீயும் அவரும் சண்டை போடுங்க, எங்களுக்குத் தண்ணி வேணும்" என்றார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் நிறுத்தியது தலைவரை என்று நினைத்தேன். நின்றுபோனது ஊர்.

இன்னொன்றும் அந்த நாட்களில் மனதை அறுத்தது. அதற்கு முந்தின வருடம் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வெளிவந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், துணைத் தலைவரும் உறுப்பினர்களும் நாற்காலியில். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வந்த ஊர்களில் துணைத் தலைவரின் கையெழுத்து என்ன வேலை செய்கிறது என்பதை ஒன்றிய அலுவலகப் பயிற்சிகளில் நானே காதால் கேட்டிருக்கிறேன். ஒரு தலைவர், அவரும் பெண்தான், என்னிடம் சொன்னார்: "எங்க ஊர் துணைத் தலைவர் என் செக்குல ஆறு மாசமா கையெழுத்துப் போடலைம்மா. ஏன்னு கேட்டா பதிலும் இல்லை." நான் போடாத 23 நாளுக்கு என்னிடம் காரணம் இருந்தது. ஆனால் அதே பேனா, அதே கட்டம், அதே செக். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

நம் மாவட்டத்தில் இதை யாரும் லேசாகப் பேச முடியாது. மேலவளவு நம் தாலுகாதான். 1996ல் தலைவர் பதவி பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டபோது தேர்தலையே நடத்தவிடாமல் செய்தார்கள். கடைசியில் தேர்தல் நடந்து, ஜெயித்த முருகேசன் ஆறு மாதம்கூடத் தலைவராக முழுதாக இருக்கவில்லை. 1997 ஜூன் 30ம் தேதி பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் அவரையும், துணைத் தலைவர் மூக்கனையும், கூட வந்த சிலரையும் வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் பத்து வருடம் தலைவரே இல்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா வாங்கிவிடுவார்கள். 2006ல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. 2021 அக்டோபர் 2ம் தேதி பாப்பாபட்டி கிராமசபையில் முதலமைச்சர் வந்து உட்கார்ந்தார்.

அதனால் தலைவரின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு உடனே கைதட்ட வருவதில்லை. எந்தத் தலைவருடைய அதிகாரத்தை என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது. நூறு வருடமாக அம்பலம் (ஊர்த் தலைமை) செய்துவந்த வீட்டிலிருந்து வந்த தலைவருக்கும், மந்தையில் செருப்புப் போட்டு நடக்கவே போராட வேண்டியிருந்த வீட்டிலிருந்து வந்த தலைவருக்கும் சட்டத்தில் ஒரே அதிகாரம்தான். ஊரில் அப்படி இல்லை. நீங்கள் பேனாவை மூடி வைப்பதற்கு முன்னால், கேள்வி பில்லைப் பற்றியதா ஆளைப் பற்றியதா என்று உங்களுக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லைப் பற்றியது என்றால் எழுத்தில் கொடுங்கள். எந்தப் பில், என்ன சந்தேகம், என்ன ஆவணம் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கிளார்க்கிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். சம்பளச் செக்கைத் தனியாகப் பிரித்து அன்றைக்கே போட்டுவிடுங்கள். நான் செய்யாமல் போனது இதுதான். வாய்வார்த்தையாக மறுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் அது எப்படி முடிந்தது என்றால், கலெக்டர் ஆபிஸில் முடியவில்லை. மனு எழுதித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போக என்னைக் கிளப்பினார். ஊராட்சிகள் சட்டத்தின் 203வது பிரிவைப் போட்டால் தலைவரின் செக் அதிகாரம் போய்விடும் என்றார். நானும் பாதி மனதாக இருந்தேன். என் மாமியார்தான் தடுத்தார். "அதிகாரத்தை அவன்ட்ட இருந்து பிடுங்கி யார்ட்ட கொடுக்கப் போற?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் போகாதவர். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு நான் எத்தனையோ படித்தவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஏனென்றால் 203வது பிரிவில் பிடுங்கும் அதிகாரம் உங்களிடமோ என்னிடமோ வருவதில்லை. அது அதிகாரிகள் கைக்குப் போகிறது. தலைவரை நீக்குவதற்கு 205வது பிரிவு இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்கலாம். தலைவரிடம் விளக்கம் கேட்பார்கள், தாசில்தார் கூட்டம் கூட்டி நம் கருத்தைப் பதிவு செய்வார். ஆனால் நீக்குவதா விடுவதா என்ற முடிவு கலெக்டருடையது. நாம் கருத்துதான் சொல்லலாம். கேரளத்தில் வேறு மாதிரி. அங்கே தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், பெரும்பான்மை போனால் அவர்களே இறக்குகிறார்கள். அதிலும் பேரம், கட்சித் தாவல் எல்லாம் உண்டு. நேரடித் தேர்தலை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பட்டியல் சமூகத்துப் பெண் ஒருவர் ஊர் முழுக்க ஓட்டு வாங்கித் தலைவர் ஆகிறார் என்றால் அதன் கனமே வேறு. அவரை ஒன்பது பேர் சேர்ந்து ஒரு மதியத்தில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் நேரடியாக மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை ஒரு அதிகாரி கையெழுத்தில் இறக்குவதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை. அந்த இடத்தில் கிராமசபை இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் தலைவர் கையிலிருந்து நிறையப் போயிருக்கிறது. எல்லாம் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். நூறு நாள் வேலைக் கூலி நேராக வங்கிக் கணக்குக்குப் போனதில் எங்கள் பெண்களுக்கு நிம்மதி. 2024ல் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடி வரை உள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். தலைவர் வீட்டு வாசலில் வரைபடத்தோடு நிற்க வேண்டியதில்லை. சரி, நல்லது. ஆனால் போனதெல்லாம் எங்கே போனது என்று பாருங்கள். கம்ப்யூட்டருக்குப் போனது, ஒன்றியத்துக்குப் போனது, மாவட்டத்துக்குப் போனது, கோட்டைக்குப் போனது. ஒன்றுகூட வார்டு உறுப்பினர் கைக்கு வரவில்லை. கிராமசபைக்கும் வரவில்லை. அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று 29 துறைகள் எழுதியிருக்கின்றன. எங்கள் கண்மாய் மடையில் ஒரு பலகை உடைந்தால் மாற்ற, ஐந்து வருடமும் யாரிடமாவது போய் நின்றுகொண்டுதான் இருந்தோம்.

கடைசியில் மன்றமே இல்லாமல் போய்விட்டது. 2025 ஜனவரி 5ம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர் வந்தார். ஒன்றியத்தில் உள்ள அத்தனை ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். நம் மாவட்டத்தில் 13 ஒன்றியம், 420 ஊராட்சி. ஒருவருக்கு முப்பதுக்கு மேல் விழுகிறது. எவ்வளவு நல்ல அதிகாரியாக இருந்தாலும் எங்கள் கீழத்தெரு விளக்கு எரியாதது அவருக்கு எப்படித் தெரியும்? தலைவர், துணைத் தலைவர், மன்றம் என்று மூன்று இடத்தில் இருந்தது எல்லாம் ஒரே அலுவலகத்துக்குள் போய்விட்டது. இது முதல் தடவையும் அல்ல. 2016 அக்டோபரில் முடிந்த ஊராட்சிகளுக்கு 2020 ஜனவரியில்தான் மறுபடி ஆள் வந்தது. மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள். அதற்கும் முன்னால், 1970க்குப் பிறகு 1986ல்தான் தேர்தல், அதற்குப் பிறகு 1996ல்தான். ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 1993லிருந்து அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாவிட்டால் மத்திய நிதிக்குழு மானியமும் கைக்கு வராது.

ஆனால் அந்த நாட்களிலேயே இன்னொன்றும் நடந்தது. அது எங்கள் கண்முன் நடந்தது.

2024 நவம்பரில் அரிட்டாபட்டியைச் சேர்த்து எங்கள் தாலுகாவில் 2015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. அரிட்டாபட்டி, 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த இடம். குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கையும் இருக்கிற மலை. நவம்பர் 23ம் தேதி கிராமசபை. அதுவரை எங்கள் ஊர் கிராமசபை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மூவாயிரம் பேர் வரை உள்ள ஊருக்கு நூறு பேர் வந்தால் கூட்டம் செல்லும். முப்பது பேர் வருவார்கள். மிச்சக் கையெழுத்தை நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்கு நோட்டைக் கொண்டுபோய் வாங்கி வருவார்கள். அன்றைக்கு நோட்டு எங்கேயும் போகவில்லை. ஆட்கள் வந்தார்கள். மந்தையில் இடமில்லாமல் வேப்பமரத்தடி வரை நின்றார்கள். சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானத்தைத் தலைவர் வாசித்தபோது அவருக்குக் குரல் நடுங்கியது. நான் பக்கத்தில் இருந்தேன். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு எந்தக் கணக்கும் பாக்கி இல்லை.

மேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராக அதே தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9ம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 5ம் தேதி எங்கள் பதவி முடிந்தது. ஜனவரி 7ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்துக்கு ஆயிரக்கணக்கில் சனம் நடந்தது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு பிரசிடெண்டும் கிடையாது, ஒரு மெம்பரும் கிடையாது. எல்லோரும் முன்னாள். நான் எங்கள் தெருப் பெண்களோடு நடந்தேன். ஜனவரி 23ம் தேதி ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது. ஜனவரி 26ம் தேதி மறுபடி கிராமசபை. தலைவர் நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தது அதே ஊர். எங்களுக்குத்தான் பதவிக்காலம் உண்டு, கிராமசபைக்குக் கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் அதில் உறுப்பினர். அதை எந்த 203ம் பிடுங்க முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நீங்கள் ஜெயித்து வந்தால் தலைவரோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், அவர் நீட்டும் பேனாவைக் கண்ணை மூடி வாங்கவும் வேண்டாம். அவர் கையிலிருந்து எதையாவது எடுக்க வேண்டியிருந்தால் அதை மேலே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். மன்றக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே முடியாவிட்டால் கிராமசபைக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் முடிந்தது. 24ம் நாள் ஐந்து உறுப்பினர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்துக் கூட்டம் கூட்டினோம். தீர்மான நோட்டை மேசை நடுவில் விரித்து வைத்தோம். இரண்டரை மணி நேரம் ஆனது. தலைவர் ஒருமுறை எழுந்து வெளியே போய்விட்டு, டீ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அன்றைக்கு முடிவானவை மூன்றுதான். காலிப் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. செக்கோடு பில் வர வேண்டும். அவசரத்துக்குச் செலவு செய்தால் தலைவர் அதை அப்படியே, எரிந்த மோட்டாரை எரிந்த மோட்டார் என்றே, அடுத்த கூட்டத்தில் எழுத வேண்டும். நாங்கள் ஒப்புதல் கொடுப்போம். அந்த மூன்றாவது முடிவு அவருக்கும் நிம்மதியாக இருந்தது என்று பின்னால் அவரே சொன்னார். அதுவரை தனியாகச் சுமந்துகொண்டிருந்தார்.

அடுத்த மூன்றரை வருடம் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை தெருவிளக்கு வாங்கியதில் மறுபடி சண்டை வந்தது. இரண்டு உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் கிராமசபையில் வரவு செலவை வார்டு வாரியாகச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தோம். எங்கள் கிளார்க் தம்பி வாசிப்பார், அந்த வார்டு மெம்பர் எழுந்து நின்று ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டும். முதல் தடவை என் முறை வந்தபோது முழங்கால் ஆடியது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. நமக்குப் பாதி இடம் ஒதுக்கீடு 2016ல் சட்டமானது. வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் போகிறார், நாம் நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம் என்று இருக்காதீர்கள். அவர் எவ்வளவு விவரமானவராக இருந்தாலும் தணிக்கையில் பெயர் உங்களுடையது.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டுபோங்கள். தேதி, செக் நம்பர், தொகை, எதற்கு. அவ்வளவு போதும். என்னிடம் அப்படி மூன்று நோட்டு இருக்கிறது, 2021 செப்டம்பரிலிருந்து. எங்கள் ஊருக்கு அடுத்து வரப்போகிற துணைத் தலைவர் யாராக இருந்தாலும், எந்தத் தெருவாக இருந்தாலும், வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கிறேன். அந்த அடிபம்பில் இன்னும் கைப்பிடி இல்லை. மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மேலூர் வட்டாரத்து முன்னாள் துணைத் தலைவர் ஒருவர்